சினேகா (தற்கொலைத் தடுப்பு அமைப்பு)

இக்கட்டுரை சென்னையிலுள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பைப் பற்றியது. திரைப்பட நடிகையைப் பற்றி அறிய சினேகா (நடிகை) கட்டுரையைப் பார்க்க.

சினேகா என்பது சென்னை இராசா அண்ணாமலைபுரத்தில் இயங்கிவரும் தன்னார்வத் தொண்டு நிறுவனம் ஆகும். மன உளைச்சலுக்கு ஆளானோர், நம்பிக்கை இழந்தோர், தற்கொலை எண்ணம் கொண்டோர் ஆகியோர் பேசுவதைத் தொலைபேசி வழியாகவும் நேரிலும் எழுத்து வழியாகவும் செவிமடுப்பது இதன் முதன்மைப் பணியாகும். உளநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 1986 ஏப்ரல் மாதத்தில் இதனை நிறுவினார். இந்தியாவில் இத்துறையில் தொடக்க காலத்திலேயே தோன்றிய அமைப்புகளுள் இதுவும் ஒன்று. இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட 'பிஃப்ரெண்டர்சு வேர்ல்ட்வைடு' என்னும் பன்னாட்டு வலையமைப்பில் உறுப்பினராக உள்ளது.

சில தன்னார்வலர்களும் ஒரு தொலைபேசியும் என்ற அளவில் தொடங்கிய இப்பணி, பின்னர் தேர்வு முறை, பூச்சிமருந்துப் பாதுகாப்பு, பேரிடர்க்காலத் துணை, சட்டத் திருத்தம் ஆகிய துறைகளுக்கும் விரிந்தது. ஆயினும் செவிமடுக்கும் பணி இன்றளவும் ஊதியம் பெறாத தன்னார்வலர்களாலேயே நடத்தப்படுகிறது.

பெயர்

சினேகம் என்னும் வடசொல்லுக்கு நட்பு என்பது பொருள். இவ்வகை அமைப்புகள் தம் பணியை மருத்துவம் என்றோ அறிவுரை என்றோ கூறுவதில்லை. நட்பாதல் என்றே குறிப்பிடுகின்றன. கொச்சியின் மைத்ரி, புதுச்சேரியின் மைத்ரேயி, கொழும்பின் சுமித்ரயோ ஆகிய பெயர்களிலும் நட்பைக் குறிக்கும் சொல் அமைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

பின்னணி

முன்பின் அறியாத ஒருவரின் துயரத்தைத் தொலைபேசியில் கேட்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. சாட் வாரா என்னும் ஆங்கிலிக்கப் பாதிரியார் 1930களில் லிங்கன் நகரில் பணியாற்றத் தொடங்கியபோது, அவர் நடத்திய முதல் இறுதிச்சடங்கு 14 அகவைச் சிறுமி ஒருத்தியுடையது. அவள் பூப்பெய்தியிருந்தாள். அது இயல்பானது என்று சொல்ல ஒருவருமின்றி, தனக்குத் தீராத நோய் வந்துவிட்டதாக அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டாள். கேட்பதற்கும் சொல்வதற்கும் ஓர் ஆள் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்ற எண்ணம் வாராவை விட்டு நீங்கவில்லை.

1953 நவம்பர் 2 அன்று, இலண்டன் நகரின் புனித இசுடீபன் வால்புரூக்கு தேவாலயத்தில் அவர் ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். அக்காலத்தில் இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. செய்தித்தாள் ஒன்று இச்சேவையை விவிலியத்தில் வரும் நல்ல சமாரியரோடு ஒப்பிட்டு எழுதியதால் 'சமாரித்தன்சு' என்ற பெயர் நிலைத்தது.

இச்சேவை தொண்டு நிறுவனமாக வளர்ந்ததற்கு ஒரு தற்செயலான நிகழ்வு அடிப்படையாயிற்று. வாராவைக் காண வந்தோர் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. அவர்களுக்குத் தேநீர் கொடுத்து உடனிருப்பதற்காகவே சில தன்னார்வலர்கள் வந்திருந்தனர். காத்திருந்தவர்கள் அத்தன்னார்வலர்களிடம் மனம்விட்டுப் பேசினர். பேசி முடித்தபின் அவர்களுள் பலருக்குப் பாதிரியாரைக் காணவேண்டிய தேவையே எழவில்லை. இதனைக் கவனித்த வாரா, 1954 பிப்ரவரியில் தொலைபேசியைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்துவிட்டு, அவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். தேர்ச்சி பெற்ற ஒருவரிடமிருந்து பயிற்சி பெற்ற பொதுமக்களுக்குப் பணி கைமாறிய இந்த முடிவின் மீதுதான் இன்றைய அமைப்புகள் அனைத்தும் நிற்கின்றன. சமாரித்தன்சு பிற்காலத்தில் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 200க்கு மேற்பட்ட கிளைகளாக வளர்ந்தது. வாரா 2007 நவம்பரில் காலமானார்.

தமிழகத்திற்கு அண்மையில் இம்முறை வேரூன்றிய இடங்களுள் இலங்கை குறிப்பிடத்தக்கது. கொழும்பில் 1974இல் யோவான் டி மெல் சுமித்ரயோ அமைப்பைத் தொடங்கினார். 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக, இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற அளவில் இருந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டத்தை அந்நாடு 1998இல் நீக்கியது. மிகு நச்சுள்ள பூச்சிமருந்துகளுக்குப் படிப்படியாக விதிக்கப்பட்ட தடைகளுக்குப் பின் வீதம் வெகுவாகக் குறைந்தது.

சென்னையில் தொடக்கம்

சினேகா தொடங்கப்பட்ட 1986இல் இந்தியாவில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசி கூடக் கிடையாது. இணைப்புக்கு விண்ணப்பித்துப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. தொலைபேசி இருந்த வீடுகளிலும் அது நடுக்கூடத்தில், எல்லோர் காதிலும் விழும் இடத்தில் இருந்தது. எனவே நேரில் வருவோருக்கும் கடிதம் எழுதுவோருக்கும் இடமளிப்பது இவ்வகைச் சேவைக்குக் கட்டாயமாயிற்று.

அதைவிடப் பெரிய ஐயம் ஒன்றும் இருந்தது. பெற்றோர், உடன்பிறந்தோர், மாமன், அத்தை என்று சுற்றம் சூழ வாழும் ஒரு சமூகத்தில், முகம் தெரியாத ஒருவரிடம் வீட்டுத் துயரத்தைச் சொல்ல யார் முன்வருவர் என்பதே அது. நடைமுறையில் இதற்கு மாறான உண்மை புலப்பட்டது. கடன், தேர்வுத் தோல்வி, காதல், கணவனின் குடி, மாமியார் வீட்டுக் கொடுமை ஆகியவற்றைச் சுற்றத்தாரிடம் சொல்லவே பலர் அஞ்சுகின்றனர். சொன்னால் மானம் போகும், செய்தி பரவும் என்பதே அவ்வச்சம். சுற்றம் நெருக்கமாக இருக்கும் இடத்தில்தான் அயலாரின் காது தேவைப்படுகிறது என்று கூறலாம்.

நிறுவனர் இலட்சுமி விஜயகுமார் சென்னை அடையாறிலுள்ள தன்னார்வ நலப்பணி மருத்துவமனையின் உளநலத் துறைத் தலைவராகப் பணியாற்றியவர். தற்கொலைத் தடுப்பு குறித்த உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழுக்களிலும் இடம்பெற்றவர். அவரும் எஸ். ராஜ்குமாரும் சென்னையில் தற்கொலையால் இறந்த 100 பேரையும், அவர்களோடு ஒப்பிடத்தக்க 100 பேரையும் ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட ஆய்வு இந்திய அளவில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. இறந்தோரில் 88 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் உளநோய் இருந்தது என்பதும், இறப்புக்கு முந்தைய மாதத்தில் நேர்ந்த வாழ்க்கை நெருக்கடிகள் முக்கியப் பங்காற்றின என்பதும் அதன் முடிவுகள். உளநோய்க்கு மருத்துவம் தேவை. நெருக்கடி நேரத்தில் ஒரு மனிதரின் துணை தேவை. சினேகா இவற்றுள் இரண்டாவதை ஏற்றுக்கொண்டது, முதலாவதற்கு மாற்றாகத் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை.

செவிமடுக்கும் முறை

சினேகாவின் தன்னார்வலர்கள் மருத்துவர்களோ உளவியல் ஆலோசகர்களோ அல்லர். இல்லத்தரசியர், பணி ஓய்வு பெற்றோர், அலுவலகத்தில் பணிபுரிவோர் எனப் பலதரப்பட்டோர் இத்தகைய மையங்களில் சேர்கின்றனர். விருப்பம் தெரிவிக்கும் அனைவரும் ஏற்கப்படுவதில்லை. நேர்காணலுக்குப் பின் பயிற்சியும், அழைப்பாளராகவும் கேட்பவராகவும் மாறிமாறி நடித்துப் பார்க்கும் பழக்கமும், மூத்த தன்னார்வலர் ஒருவரின் மேற்பார்வையில் பணியாற்றும் காலமும் உண்டு.

பயிற்சியின் பெரும்பகுதி புதிதாகக் கற்பதில் இல்லை, பழகியதை விடுவதில் இருக்கிறது. துயரத்தில் இருப்பவரைக் கண்டால் "எல்லாம் சரியாகிவிடும்" என்று தேற்றுவதும், "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்" என்று ஒப்பிடுவதும், "பிள்ளைகளை நினைத்துப் பார்" என்று கடமையை நினைவூட்டுவதும் நம் வழக்கம். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் இவை, கேட்பவர் தம் பேச்சை முடித்துக்கொள்ள விரும்புகிறார் என்றே துயருற்றவருக்குப் பொருள்படுகின்றன. தன்னார்வலர் இவற்றைத் தவிர்க்கிறார். அறிவுரை கூறுவதில்லை, தீர்ப்பு வழங்குவதில்லை, தம் சமயத்தையோ கொள்கையையோ புகுத்துவதில்லை. அழைப்பவர் அழுதால் அழ விடுகிறார். மௌனமாக இருந்தால் தாமும் காத்திருக்கிறார்.

தற்கொலை எண்ணம் உள்ளதா என்று நேரடியாகக் கேட்பது இம்முறையின் முக்கியமான கூறு ஆகும். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. மாறாக, மறைத்து வைத்திருந்த ஒன்றை முதன்முதலாகச் சொல்ல நேர்வது பெரும்பாலோருக்கு ஆறுதலைத் தருகிறது. தற்கொலை உந்துதல் பலருக்குச் சில மணி நேரத்திலும், சிலருக்குச் சில நிமிடங்களிலும் தணிந்துவிடுவது. அந்நேரத்தைக் கடக்கத் துணை நிற்பதே செவிமடுத்தலின் நோக்கம்.

அழைப்பவர் தம் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் சந்திப்பிலேயே "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்டு உறவையும் சாதியையும் கண்டுகொள்ளும் தமிழ்நாட்டுச் சூழலில் இவ்விதியின் பொருள் பெரியது. பேசியவை வெளியில் செல்லாது. தன்னார்வலரும் தம் முழு அடையாளத்தைத் தருவதில்லை. அழைத்தவரோடு மையத்திற்கு வெளியே நட்புக் கொள்வதுமில்லை. இறுதி முடிவு அழைப்பவருடையதே என்ற கொள்கை பிஃப்ரெண்டர்சு அமைப்புகளுக்குப் பொதுவானது. ஓர் உயிரைக் காக்க வேண்டிய இடத்தில் இது கடினமான கொள்கைதான். ஆனால் பேசினால் காவலர் வீட்டுக்கு வருவர் என்ற அச்சம் இருக்குமாயின் அழைப்பே வராது.

தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பத்தினருக்கான ஆதரவுக் குழுவையும் சினேகா நடத்துகிறது. இத்தகைய இறப்பு நேர்ந்த வீட்டில் துக்கத்தோடு பழியும் சேர்ந்துவிடுகிறது. துக்கம் விசாரிக்க வருவோரின் கேள்விகளே அக்குடும்பத்தை மௌனத்தில் தள்ளுவதுண்டு.

சட்டச் சூழல்

சினேகா தொடங்கியபோது, அதனை அழைப்பவர் சட்டத்தின் பார்வையில் ஒரு குற்றத்தின் விளிம்பில் நின்றார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயல்பவருக்கு ஓராண்டு வரை வெறுங்காவல் அல்லது தண்டம் அல்லது இரண்டும் விதிக்க இடமளித்தது. சிறைக்குச் சென்றோர் குறைவு. ஆனால் மருத்துவமனையில் காவல்துறை வழக்காகப் பதியப்படும் என்ற அச்சத்தால், குடும்பத்தினர் நேர்ச்சி என்றும் தவறுதலாக உட்கொண்டது என்றும் கூறி மறைத்தனர். உயிர் பிழைத்தவர் உளநல உதவி ஏதுமின்றி, தம்மை அந்நிலைக்குத் தள்ளிய அதே வீட்டிற்குத் திரும்பினார்.

உச்ச நீதிமன்றம் 1994இல் பி. ரத்தினம் வழக்கில் இப்பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1996இல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பை மாற்றிப் பிரிவு செல்லும் என்றது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நிறைவேறும் வரை நிலைமை அவ்வாறே நீடித்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றும், அவரைத் தண்டிக்கலாகாது என்றும், அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. 2024 சூலை 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்திற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309க்கு இணையான பொதுப் பிரிவு இல்லை. அரசு ஊழியரைத் தம் கடமையிலிருந்து தடுக்கவோ வற்புறுத்தவோ செய்யப்படும் முயற்சி மட்டும் 226ஆம் பிரிவின்கீழ் குற்றமாக உள்ளது. தண்டனையை நீக்க வேண்டுமென இலட்சுமி விஜயகுமார் உள்ளிட்ட உளநல மருத்துவர்கள் நெடுங்காலம் வலியுறுத்தி வந்தனர்.

தொலைபேசி அறைக்கு வெளியே

துணைத் தேர்வு

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் உதவி மையங்களுக்கு வரும் அழைப்புகள் பெருகுவது வழக்கம். முன்பு ஒரு பாடத்தில் தவறினாலும் மாணவர் மேற்படிப்பில் ஓராண்டை இழக்க நேர்ந்தது. உடன் படித்தோர் கல்லூரிக்குச் செல்ல, தாம் மட்டும் வீட்டில் இருக்கும் அந்த ஓராண்டே பலருக்குத் தாங்க இயலாததாக இருந்தது. தவறிய பாடத்தை உடனடியாக எழுத வாய்ப்பளிக்க வேண்டும் என்று சினேகா அரசிடம் வலியுறுத்தியது. 2000களின் தொடக்க ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த சிறப்புத் துணைத் தேர்வு, அதே கல்வியாண்டிலேயே மேற்படிப்பில் சேர வழிசெய்தது. ஒவ்வோர் அழைப்பிலும் ஒரே துயரம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுமாயின், காரணம் அழைப்பவரிடம் மட்டும் இல்லை என்பதை உணர்ந்து செயல்பட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும். மாநில அளவிலான தரவரிசையை அறிவிக்கும் வழக்கத்தையும் தமிழ்நாடு அரசு 2017இல் கைவிட்டது.

ஆழிப்பேரலை

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், சினேகாவின் தன்னார்வலர்கள் அழைப்புக்குக் காத்திராமல் சென்னைக் கடற்கரை மீனவர் குடியிருப்பில் உறவுகளை இழந்தோரிடம் நேரில் சென்றனர். இப்பணியை மதிப்பிட்ட ஆய்வு 2008இல் வெளியானது. தன்னார்வலர்களின் துணையைப் பெற்றோரிடம், பெறாதோரைக் காட்டிலும் மனச்சோர்வு குறைந்திருந்ததாக அது தெரிவித்தது.

பூச்சிமருந்துப் பெட்டகம்

அமைப்பின் வெளிப்பணிகளுள் உலக அளவில் அதிகம் அறியப்பட்டது இதுவே. கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில் பகுதியில் மலர் சாகுபடி செய்யும் ஊர்கள் ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. குலுக்கல் முறையில் இரண்டு ஊர்களில் பொதுச் சேமிப்புக் கிடங்குகள் கட்டப்பட்டன. வேறு இரண்டு ஊர்கள் ஒப்பீட்டிற்காக வைக்கப்பட்டன. வங்கிப் பெட்டகம் போன்று ஒவ்வொரு குடும்பத்திற்கும் பூட்டக்கூடிய பெட்டி தரப்பட்டது. உழவர் தமக்குத் தேவையான மருந்தைக் காலையில் எடுத்துச் சென்று மிச்சத்தைத் திரும்ப வைக்கலாம்.

தொடக்கத்தில் கிடங்கு அமைந்த ஊர்களில் 1,097 வீடுகளைச் சேர்ந்த 4,446 பேரும், ஒப்பீட்டு ஊர்களில் 782 வீடுகளைச் சேர்ந்த 3,307 பேரும் கணக்கெடுக்கப்பட்டனர். ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கணக்கெடுத்தபோது, கிடங்கு அமைந்த ஊர்களில் தற்கொலைகளும் முயற்சிகளும் ஒப்பீட்டு ஊர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தன. முடிவுகள் 2013இல் வெளியாயின. இது சாத்தியப்பாட்டை அறியும் சிறு ஆய்வே என்பதையும், இருவகை ஊர்களுக்கும் இடையே தொடக்கத்திலேயே வேறுபாடுகள் இருந்தன என்பதையும் ஆய்வாளர்களே குறிப்பிட்டுள்ளனர். ஊர்மக்கள் கிடங்கை விரும்பியதற்கு, மருந்து வீணாகாமல் இருந்ததும் ஒரு காரணம்.

வீட்டுப் பரணிலிருந்து ஊர்க் கிடங்குக்குச் செல்லும் சில நிமிடங்களும், தொலைபேசியில் பேசிக் கழியும் ஒரு மணி நேரமும் ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டுமே உந்துதலுக்கும் செயலுக்கும் இடையே காலத்தை நுழைக்கின்றன.

அகதி முகாம்கள்

தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களிலும் இத்தகைய பணி மேற்கொள்ளப்பட்டது. முகாம்வாசிகளுள் சிலரே பயிற்சி பெற்றுத் தன்னார்வலராகித் தற்கொலை அபாயம் உள்ளோரைத் தொடர்ந்து சந்தித்தனர். நெருக்கடி வரும்போது என்ன செய்வது, யாரை நாடுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் பாதுகாப்புத் திட்ட அட்டையும் பயன்படுத்தப்பட்டது. இதன் ஆய்வு முடிவுகள் 2017இல் வெளியிடப்பட்டன.

தென் மாவட்டங்களில் தேவை: விருதுநகர்

சினேகாவின் மையம் சென்னையில் உள்ளது. மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள விருதுநகர் போன்ற மாவட்டத் தலைநகர் அங்கிருந்து ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில் உள்ளது. தொலைபேசிக்குத் தொலைவு ஒரு பொருட்டன்று. நேரில் வருவதற்கு அவ்வாறில்லை. செவிமடுக்கும் சேவையின் தேவை தலைநகருக்கு வெளியே எவ்வாறு வேறுபடுகிறது என்பதற்கு விருதுநகர் மாவட்டம் தக்க எடுத்துக்காட்டாகும்.

1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டம், பொதுத்தேர்வுத் தேர்ச்சி வீதத்தில் நீண்டகாலம் மாநிலத்தில் முதலிடம் வகித்தது. பன்னிரண்டாம் வகுப்பில் 2018இலும் 2023இலும் மீண்டும் முதலிடம் பெற்றது. காமராசர் பிறந்த ஊர் என்ற முறையில் கல்வியில் பெருமை கொள்ளும் மாவட்டம் இது. தனி மாணவர் தரவரிசை கைவிடப்பட்ட பின்னரும் மாவட்ட வாரியான தேர்ச்சி வீதம் வெளியிடப்பட்டு வருகிறது. நூற்றுக்கு 97 பேர் தேறும் இடத்தில் தவறும் மூவரின் தனிமை, பாதிப் பேர் தவறும் இடத்தில் இருப்பதைவிடக் கடுமையானது என்பதைப் பள்ளி ஆசிரியர்கள் அறிவர்.

மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரம் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களை நம்பியுள்ளது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை விதித்ததைத் தொடர்ந்து, ஆலைகள் பல மாதங்கள் மூடப்பட்டன. விபத்தில் உறவை இழந்தோர், வேலையின்றி வட்டிக்கு வாங்கியோர், வெடிச்சத்தம் கேட்கும் போதெல்லாம் பதறுவோர் ஆகியோருக்கு இழப்பீடும் நிவாரணமும் போதா. கடற்கரையில் அழைப்புக்குக் காத்திராமல் வீடு தேடிச் சென்ற பட்டறிவு, அலை வராத இவ்வூர்களுக்கும் பொருந்துவதே. ஒரே தெருவினர் ஒரே ஆலையில் வேலை செய்யும் ஊரில், பெயர் கேட்காத காது எளிதில் கிடைப்பதில்லை.

அருகிலுள்ள பெருநகரமான மதுரையில், உளநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992இல் தொடங்கிய எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை உளநல மறுவாழ்வுப் பணிகளோடு 'ஸ்பீக் டு அஸ்' என்னும் தொலைபேசிச் சேவையையும் நடத்தியுள்ளது. இது சினேகாவின் பாதைக்கு நேர்மாறானது. அங்கு தொலைபேசியிலிருந்து நிறுவனம் வளர்ந்தது. இங்கு நிறுவனத்திலிருந்து தொலைபேசி கிளைத்தது.

பயன் குறித்த விவாதம்

செவிமடுக்கும் சேவைகள் தற்கொலை வீதத்தைக் குறைக்கின்றனவா என்ற வினாவுக்கு உறுதியான விடை எளிதில் கிடைப்பதில்லை. சமாரித்தன்சு கிளைகள் இருந்த ஆங்கில நகரங்களில் தற்கொலை குறைந்ததாகக் கிறித்தோபர் பாக்லி 1968இல் எழுதினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1978இல், ஜென்னிங்சும் இருவரும் நகரங்களை மேலும் கவனமாக இணைசேர்த்து ஆராய்ந்தபோது அவ்வேறுபாடு காணப்படவில்லை. அக்காலத்தில் பிரித்தானியாவில் தற்கொலை குறைந்ததற்கு, வீட்டு எரிவாயுவின் நச்சுத்தன்மை நீங்கியதே பெரும் காரணம் என்பது பின்னர் ஏற்கப்பட்டது.

பெயர் கேட்காத சேவை, தன்னை அழைத்தவர் பின்னர் என்ன ஆனார் என்பதை அறிய வழியில்லை. மறைபொருள் காத்தலே இதன் வலிமையும் மதிப்பீட்டில் இதன் குறையும் ஆகும். சினேகா தேர்வு, பூச்சிமருந்து ஆகியவற்றில் அளவிடத்தக்க பணிகளை மேற்கொண்டதை இப்பின்னணியில் காணலாம்.

தேவையின் அளவு பெரிது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். தமிழ்நாட்டில் இறந்தோர் 19,834 பேர். மகாராட்டிரத்திற்கு அடுத்த மிகுந்த எண்ணிக்கை இது. அவ்வாண்டு நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் தற்கொலை இறப்புகளை 10 விழுக்காடு குறைப்பதை இலக்காக வைத்தது.

அரசுச் சேவைகள்

2022 அக்டோபர் 10 அன்று இந்திய அரசு டெலி-மானஸ் என்னும் தொலைபேசி உளநலச் சேவையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் அறிமுகமாயிற்று. 36 ஆண்டுகளுக்கு முன் ஒரு தன்னார்வ அமைப்பு தன் பெயராகக் கொண்ட சொல்லின் தமிழ் வடிவமே அரசுச் சேவையின் பெயரிலும் இடம்பெற்றது. இரண்டிற்கும் வேறுபாடு உண்டு: அரசுச் சேவையில் ஊதியம் பெறும் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பேசுகின்றனர், தேவைப்படின் உளநல மருத்துவரிடம் இணைக்கின்றனர்.

இச்சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.